குவளையின் விளிம்பு

குடித்தால் சம்மதம், குடிக்காவிட்டால் இல்லை, அவ்வளவுதான் என்று வண்டியில் வரும்போதே மகள் உலகு சொல்லிவிட்டாள், தேர்வு அறையில் விதிமுறை வாசிப்பவளைப் போல, என்னைப் பார்க்காமல், சன்னலுக்கு வெளியே ஓடிய மஞ்சள் மலைகளைப் பார்த்துக்கொண்டு. "வில்பரோட அப்பா மொதல்ல குடிப்பாரு. அதே குவளைல திரும்ப ஊத்தி உங்க கைல தருவாரு. நீங்க வாங்கிக் குடிச்சிட்டா பேச்சு முடிஞ்சது. வாயால சரின்னு சொல்லுததெல்லாம் இந்த வீட்டுல எடுபடாதுப்பா." அதே குவளையில் என்னும்போது அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. முப்பது வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவனுக்கு, ஒரு மாணவி எந்தச் சொல்லில் வேண்டுமென்றே குரலைச் சமமாக வைத்துக்கொள்கிறாள் என்று தெரியாதா. சரி என்று தலையசைத்தேன். தலையசைப்பதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. இப்போது அந்த மலை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாயிற்று. மண் சுவர், மண் தரை, நீல பிளாஸ்டிக் விரிப்பு போட்ட மேசை, எனக்கு மட்டும் முதுகு சாயும் நாற்காலி, மற்றவர்களுக்கு பெஞ்சு. தலையில் குரங்குக் குல்லா, உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் ஊட்டியில் வாங்கிய மஃப்ளர். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் ஊட்டி மஃப்ளர் என்ன செய்யும், பாவம், அதுவும் என்னைப் போல முழிக்கிறது. மூச்சு பாதியில் நின்று யோசித்துவிட்டு மீதியை இழுக்கிறது. மனம் இந்தக் கல்யாணத்துக்கு எப்போதோ சம்மதித்துவிட்டது, அதில் ஒரு குழப்பமும் இல்லை. சம்மதிக்காமலா பாளையங்கோட்டையிலிருந்து மூன்று விமானம் மாறி, பெரு என்கிற, நான் வரைபடத்தில் குச்சி வைத்துக் காட்டிப் பாடம் நடத்திய தேசத்துக்கு, அறுபத்து நான்கு வயதில் வந்திருக்கிறேன். பையனைப் பிடித்திருக்கிறது. வில்பர் கிழங்கு ஆராய்ச்சியில் உலகுவோடு வேலை பார்க்கிறவன், அகலமான முகம், குறைவான பேச்சு. வாய்தான் பிரச்சினை. என் வாய் பிறந்ததிலிருந்து எந்தப் பாத்திரத்தின் விளிம்பையும் தொட்டதில்லை. தண்ணீர், காப்பி, கசாயம், எல்லாம் அண்ணாந்துதான். தாய்ப்பாலுக்கு அப்புறம் இவர் எதையும் உதடு வைத்துக் குடித்ததில்லை என்று என் மனைவி கோமதி உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். விமானத்தில் ஒரு குலுங்கலில் தக்காளிச் சாறு முழுவதும் மூக்குக்குள் போய், பக்கத்து இருக்கைக்காரர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார். அப்போதும் அடுத்த கோப்பையை அண்ணாந்தேதான் குடித்தேன்.

வில்பரின் அம்மா சபினா தட்டைக் கொண்டுவந்து வைத்தார், இரண்டு பின்னல், வீட்டுக்குள்ளும் கழற்றாத தொப்பி, என்னைவிடப் பத்து வயதாவது சிறியவர், ஆனால் முகம் வெயிலிலும் பனியிலும் மாறி மாறிக் காய்ந்து வயதை மறைத்துவிட்டிருக்கிறது. அப்பா மாமிசம் சாப்பிட மாட்டார் என்று உலகு முன்பே சொல்லியிருந்தாளாம். அதற்கு அவர், "பாவம், எத்தனை நாளா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டாராம், பிறகு கோழி மாமிசம் இல்லைதானே என்றும் கேட்டாராம். இரண்டாவது கேள்வியைச் சென்னையில் தெரிந்தவர் வீட்டிலேயே என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் ஆச்சரியமில்லை. மற்றவர்கள் தட்டில் கூய் படுத்திருக்கிறது. சீமை எலி என்று ஆய்வுக்கூடத்தில் சொல்வோமே, அதேதான், முழுசாக, பல் தெரிய, ஏதோ சொல்லவந்து நிறுத்திக்கொண்ட முகத்தோடு. அதன் உயிருள்ள சொந்தக்காரர்கள் அடுப்படியில் கீச்சுக்கீச்சென்று ஓடும் சத்தம் கேட்கிறது. அந்தப் பக்கம் பார்க்காதே. உன் தட்டைப் பார். என் தட்டில் கிழங்குகள் மட்டுமே, ஏழு வகை. ஊதா, மஞ்சள், விரல் போல நீண்டது, பிரித்தெடுக்கவே முடியாதபடி முடிச்சு முடிச்சாக ஒன்று. எனக்காக விடிவதற்கு முன் எழுந்து ஏழு இடத்திலிருந்து சேகரித்ததாக உலகு சொன்னாள், சொல்லிவிட்டு, "எப்பா, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சமாவது சாப்பிடுங்க, எண்ணிக்கிட்டிருப்பாங்க" என்றாள். கத்திரிக்காயும் மிளகுதக்காளியும் தூதுவளையும் இந்தக் கிழங்கும் ஒரே குடும்பம் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மிளகாயும் அதே குடும்பம், அதுவும் இந்தக் கண்டத்துப் பிறவிதான். நம் ஊருக்கு வந்து ஐந்நூறு வருடம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் மிளகாய்ப்பொடி இல்லாத இட்லியைக் கண்டால் என்னமோ ஆதியிலிருந்து வந்த உரிமை பறிபோனதுபோல முகத்தைச் சுளிக்கிறோம். ஆக, என் வீட்டுச் சமையலின் பிறந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன், அந்நியம் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே வகுப்பெடுத்துக்கொண்டேன். வகுப்பு நன்றாகத்தான் போனது. அரைத்த மிளகாய்த் துவையலைத் தொட்டு நாக்கில் வைக்கும்வரை. காரத்துக்குப் பின்னால் ஒரு வாசனை வந்தது, கேந்திப்பூ, செண்டுமல்லி என்பார்களே, அதன் வாசனை, மாலை கட்டி மறுநாள் வாடிக் கிடக்கும் கேந்தி. கோமதியைக் கிடத்தியிருந்த கூடத்தில் அந்த வாசனைதான் மூன்று நாள் நின்றது. கேந்தியின் இனத்துச் செடி ஒன்றின் இலையைப் போட்டு அரைக்கிறார்கள், அவ்வளவுதான், இலையைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்து என்ன, மூக்கு அதைக் கேட்கவா போகிறது. அம்மாவின் சாவுக்கு உலகு வந்திருந்தாள். பதினோரு நாள் இருந்தாள். இந்த ஒன்பது வருடத்தில் அவள் ஊருக்கு வந்தது அந்த ஒரு தடவைதான். ஏன் வருவதில்லை என்று கேட்பவர்களிடம் எல்லாம் தூரம், லீவு, டிக்கெட் விலை என்று சொல்லிவந்திருக்கிறேன், அவர்களும் நம்பினார்கள், அதனால் நானும்.

கடைசியில் ஒன்று இருந்தது, ஏழாவது, கறுத்துச் சுருங்கி, கூழாங்கல் போல. வாயில் வைத்தால் ரப்பருக்கும் ஈரமண்ணுக்கும் நடுவில் ஏதோ ஒரு பதார்த்தம், பழைய அலமாரியைத் திறந்த வாசனை. "இது சுன்யோ" என்றான் வில்பர், எனக்காகவே மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் மெதுவாக, விரல்களால் நடித்துக்கொண்டு. கிழங்கை ராத்திரிப் பனியில் வயல்வெளியில் பரப்பி உறையவிடுவார்களாம், பகல் வெயிலில் இளகவிடுவார்களாம், இளகியதை வெறும் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து எடுப்பார்களாம், நாலைந்து நாள் இப்படியே. பத்து வருடம் கெடாது. கேட்கும்போது ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். வற்றல்! நாம் சித்திரை வெயிலில் போடுகிறோம், இவர்கள் இங்கே குளிர்காலமான ஆனி மாதத்துப் பனியில் போடுகிறார்கள்; சூட்டுக்குப் பதில் குளிர், மற்றபடி அதே மூளை. உலகுவிடம் சொன்னேன், "ஏளா, இது பனிவத்தல்லா!" அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்துகொண்டிருந்தது, பாதி வழியில் நின்றுவிட்டது. விமான நிலையத்திலிருந்து இந்த மூன்று நாளாக அவள் சிரிப்பு இப்படித்தான், வாசல்வரை வந்து செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போகும் விருந்தாளி மாதிரி. பிறகுதான் காலால் மிதித்து என்ற சொல் மெல்ல வந்து சேர்ந்தது. தொண்டையில் இருந்தது கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் நின்றது. யாருடைய கால்? எதிரே உட்கார்ந்திருக்கிற வில்பரின் அப்பா இலாரியோவின் கால்தான், வேறு யாருடையது, டயரில் வெட்டிய செருப்பு, வெடித்த குதிகால், அழகான மனிதர், சிரித்தால் மேல்வரிசையில் இரண்டு பல் குறைவு. சரவணப்பொய்கையில் எத்தனை கால், அதைத் தீர்த்தமென்று தலையில் தெளித்துக்கொண்டவன்தானே நீ. விழுங்கு. விழுங்கினேன். சபினா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தவர், அது இறங்கியதும், கணவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். இலாரியோ எழுந்து மூலையில் இருந்த பெரிய மண்தாழியின் பக்கம் போனார். நேரம் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் சாப்பாடு முடியும் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் ஏழு கிழங்கு இருந்தால் இன்னும் ஏழு கிழங்கையும் சாப்பிட்டிருப்பேன்.

முறைப்படி இவர்கள்தான் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வர வேண்டுமாம், தாழியையும் தூக்கிக்கொண்டு. ஊர் தூரமாகப் போனதால் பெண்ணைப் பெற்றவனே வந்து மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து, தன்னிடம் பெண் கேட்கட்டும் என்று காத்திருக்கிறான். வந்தவுடன் ஒரு துணியில் கோக்கா இலைகளை வைத்து இரண்டு கையாலும் நீட்டினார்கள். மூன்று இலையை எடுத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கஷ்டமே இல்லை, இலையைக் கொடுத்துப் பேச்சை ஆரம்பிக்கிற நாட்டிலிருந்து வந்தவன்தானே, பாக்குதான் குறைந்தது. அப்போது தைரியமாக இருந்தேன். தாழிக்குள் இருப்பது சிச்சா. மக்காச்சோளத்தை முளைகட்டி, காயவைத்து, இடித்து, காய்ச்சி, புளிக்கவைத்தது. வாசனை இங்கேவரை வருகிறது, புளித்த கூழும் பழையசோற்று நீத்தண்ணியும் கலந்த வாசனை, நல்ல வாசனைதான், அதோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை, சாராயம் என்று சொல்லக்கூடிய அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்று உலகுவும் சொல்லியிருக்கிறாள். பகையெல்லாம் படிப்போடுதான். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு நூலகத்தில் இந்த மலைகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, ஒழுங்காகப் படித்துவிட்டு மூடியிருக்கலாம், அடிக்குறிப்பையும் படித்தேன். அந்தக் காலத்தில் பெண்கள் சோளத்தை வாயில் போட்டு மென்று தாழியில் துப்பித்தான் புளிக்கவைப்பார்கள் என்று இருந்தது. இப்போது அப்படி இல்லை, முளைகட்டிவிடுகிறார்கள். முளைக்கும்போது வருகிற நொதியும் எச்சிலில் இருக்கிற நொதியும் செய்வது ஒரே வேலையைத்தான், மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குவது. இது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வருடமும் இரண்டாமாண்டு செய்முறை வகுப்பில் சோதனைக்குழாயில் என் எச்சிலையே துப்பி, மாவுக்கரைசல் சேர்த்து, அயோடின் விட்டு, நீலம் மறைவதைக் காட்டி, பாருங்கள், நம் வாயே ஒரு ஆய்வுக்கூடம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான்தானே. நொதியாக இருக்கும்வரை அது அறிவியல். குவளையின் விளிம்பில் வந்து உட்கார்ந்துவிட்டால் அது வேறு. எப்போது, எந்த இடத்தில் அது வேறாகிறது என்பதை முப்பது வருடத்தில் ஒரு மாணவனும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லியிருப்பேன். இலாரியோ மரக்குவளையை இரண்டு கையாலும் ஏந்தி வந்து நின்றார். என்னவோ சொன்னார், நீளமாக, என் பெயரும் நடுவில் அடிபட்டது, ஆவுடையப்பன் என்பது அவர் வாயில் அவுதா என்று சுருங்கி, என்னைவிட எளிமையான யாரோ ஒருவரைக் கூப்பிடுவதுபோல இருந்தது. குவளையைச் சாய்த்து மண்தரையில் கொஞ்சம் ஊற்றினார், பூமித்தாய்க்கு. பிறகு உதட்டில் வைத்து, அவசரமில்லாமல், கண்ணை மூடி, முழுவதும் குடித்தார். விளிம்பு அவர் மீசைக்குள் போய்விட்டு வந்தது. அடிவண்டலைத் தரையில் உதறினார். திரும்ப நிரப்பினார். நீட்டினார்.

கனமாக இருந்தது. என்ன நடக்கிறது என்று முடிவு செய்யும் மனிதனாக நான் அந்த நேரத்தில் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பழக்கம்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு போனது. விளிம்பைப் பார்த்தேன், ஓரிடத்தில் மட்டும் ஈரம் பளபளத்தது. அந்த இடத்தைத் திருப்பி எதிர்ப்பக்கம் வைத்துக்கொள் என்றது மூளை. சுற்றிலும் ஈரம்தான் என்றது கண். உலகு பார்க்கிறாள், வை, உதட்டில் வை என்றது எதுவோ ஒன்று, அதற்குள் கழுத்து பின்னால் சாய்ந்துவிட்டது, வாய் திறந்துவிட்டது, குவளை நெற்றிக்கு மேலே ஏறிவிட்டது. அண்ணாந்து குடிப்பது தண்ணீருக்கும் காப்பிக்கும் வகுத்த கலை. கூழுக்கு வகுத்தது அல்ல. முதலில் ஒன்றுமே வரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். அப்புறம் மொத்தமும் ஒரேயடியாக வந்தது. அந்த உயரத்தில் தலையைப் பின்னால் சாய்த்தால் கூரை மெல்லச் சுற்றும் என்பதும் எனக்குத் தெரியாது. கண், மூக்கு, குல்லா, மஃப்ளர், மண்தரை, எல்லாவற்றுக்கும் பங்கு கிடைத்தது, வாய்க்குத்தான் ஒரு மடக்குகூட இல்லை. இருமல், பயங்கரமான இருமல், மூச்சை உள்ளே இழுக்கக் காற்று இல்லை, இங்கேயே செத்துவிடுவேன் போலிருக்கிறது, மாப்பிள்ளை வீட்டில், குரங்குக் குல்லாவோடு. வில்பர் ஓடிவந்து முதுகைத் தட்டினான், துணியால் முகத்தை ஒற்றினான். கண்ணைத் திறந்தபோது இலாரியோ தரையில் ஊறிக்கொண்டிருந்த சிச்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்த அத்தைக்காரி ஒருத்தி சிரிப்பை அடக்கத் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் சிரிப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது. சபினா சிரிக்கவில்லை. அவர் தரையையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை, என் உதட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு உலகுவிடம் நாலு சொல்லில் ஏதோ கேட்டார். வில்பர் தலையைக் குனிந்துகொண்டான். "என்ன சொல்லுதாங்க?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா." "சொல்லு, உலகு." அவள் தன் தட்டில் இருந்த எலும்பை ஓரமாக நகர்த்தினாள். "நாங்க அழுக்கான்னு கேக்காங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த மொழியில்? எந்த மொழியில் சொன்னாலும் அது பொய்யாகத்தானே இருக்கும், இல்லை, பொய்யும் அல்ல, அழுக்கு என்று நான் நினைக்கவே இல்லை, நான் எதையும் நினைக்கவில்லை, கழுத்துதான் சாய்ந்தது, கழுத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தது, அம்மா, அம்மாவுக்கு அவள் அம்மா, அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் குற்றவாளி ஒருத்தரும் இல்லாத வழக்காகிவிடும், தள்ளுபடி, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். நான் யோசித்து முடிப்பதற்குள் உலகு பேசத் தொடங்கிவிட்டாள். பாதி ஸ்பானிஷ், பாதி அவர்களுடைய கெச்சுவா, கையால் டம்ளரைத் தூக்கி அண்ணாந்து காட்டினாள், பக்கத்தில் இருக்கிறவர்களைக் காட்டினாள், நெஞ்சில் கை வைத்துக் குனிந்து காட்டினாள். சபினாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது, அவர் "ஆ" என்றார், இலாரியோவும் "ஆ" என்றார், அத்தைக்காரி தொப்பியைத் தூக்கிவிட்டு என்னைப் புது மரியாதையோடு பார்த்தாள். "என்ன சொன்ன?" "நம்ம ஊர்ல, அடுத்தவங்க குடிக்கப் போறத நாம எச்சி பண்ணிறக் கூடாதுன்னு மரியாதைக்கு அப்படிக் குடிப்போம்னு சொன்னேன். எச்சின்னு சொல்ல எனக்குத் தெரிஞ்ச கெச்சுவால வார்த்தை இல்ல. துப்பல்னுதான் சொன்னேன்." "மரியாதைக்குன்னா சொன்ன?" அவள் முதல்முறையாக நேராக என்னைப் பார்த்தாள், கோமதியின் கண். "பின்ன என்ன சொல்லணும்ப்பா?" மஃப்ளரின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். சபினா இதற்குள் எழுந்து உள்ளறைக்குப் போயிருந்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு கண்ணாடி டம்ளர், அடியில் சிவப்புப் பூ போட்டது, வீட்டிலேயே நல்லதாக இருக்க வேண்டும். அதை அவர் பிடித்திருந்த விதத்தைத்தான் பார்த்தேன். இரண்டு விரலால், அடியில், விளிம்பில் தன் கை பட்டுவிடாதபடி. எங்கள் வழக்கத்தை அவர் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிட்டார். தாழியிலிருந்து நிரப்பி என் முன்னால் வைத்து, இது உங்களுக்கு மட்டும் என்று சைகையில் சொல்லி, முழு முகத்தாலும் சிரித்தார். மரக்குவளை என்னைத் தாண்டி வில்பருக்குப் போனது.

தனி டம்ளர். அன்றைக்கும் கண்ணாடி டம்ளர்தான். பூ இல்லை, கோடு போட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உலகு தன்னோடு எம்.எஸ்ஸி. படித்த பையனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள், இசக்கிமுத்து என்று பெயர், மண்ணில் உள்ள நுண்ணுயிர்களைப் பற்றி நன்றாகப் பேசினான், நானும் சந்தோஷமாகத்தான் பேசினேன், எதற்காகக் கூட்டிவந்திருக்கிறாள் என்பது எனக்கும் கோமதிக்கும் தெரியும், அவன் எந்தத் தெரு என்பதும் விசாரித்து வைத்திருந்தோம். யாரும் ஒரு சொல் தவறாகப் பேசவில்லை. காப்பி வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் எவர்சில்வர் டம்ளர், அவனுக்குக் கண்ணாடி டம்ளர். விருந்தாளிக்கு நல்ல டம்ளர், அப்படித்தானே, யாரால் குறை சொல்ல முடியும். அவன் டம்ளரைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். உதட்டில் வைத்து முழுவதும் குடித்துவிட்டு, நல்ல காப்பி அத்தே என்று சொல்லிவிட்டுப் போனான், அதற்கப்புறம் வரவில்லை. அந்த டம்ளர் அடுப்படிக்குத் திரும்பவில்லை, பின்கட்டுத் திண்டில் பல்துலக்கும் பிரஷ் போட்டுவைக்க ஆனது. அதை அங்கே வைத்தது கோமதி. எடுக்கச் சொல்லாதது நான். உலகு தினமும் காலையில் அந்தத் திண்டில்தான் பல் துலக்கினாள், தன் பிரஷை மட்டும் அறையில் வைத்துக்கொண்டாள், ஆறு மாதத்தில் உலகத்தின் இந்த ஓரத்துக்கு விண்ணப்பம் போட்டாள். தூரம், லீவு, டிக்கெட் விலை. இப்போது அவளும் இந்தப் பூப்போட்ட டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரக்குவளை அத்தைக்காரியிடமிருந்து அவளிடம் வந்தது. தரையில் ஒரு துளி விட்டு, எல்லோருடைய உதடும் பட்ட இடத்தில் உதடு வைத்துக் குடித்து, உதறி, நிரப்பி, இலாரியோவுக்குக் கொடுத்தாள். எனக்கு நீட்டவில்லை. நீட்டக் கூடாது, எனக்குத்தான் தனியாக இருக்கிறதே. "குடிங்கப்பா" என்றாள். "இதுவும் செல்லும்." "செல்லுமா?" "அவங்களுக்குச் செல்லும்."

எடுத்துக் குடித்தேன். உதடு வைத்து. கண்ணாடி குளிர்ந்து பல்லில் இடித்தது. புளிப்பு, கடைசியில் லேசாக இனிப்பு, சோளத்தின் உமி நாக்கில் தங்கியது, நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் என்ன இருக்கிறது, தன் எச்சில் தனக்கு எச்சில் இல்லையே, யாரும் தொடாத டம்ளரில் நான் உதடு வைத்ததற்கு யார் எனக்குப் பதக்கம் தரப்போகிறார்கள். மரக்குவளை எதிரே சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்க முடியாது, தந்தால்தான் உண்டு, தராமல் இருப்பதுதான் இப்போது எனக்கு அவர்கள் செய்யும் மரியாதை, அந்த மரியாதையை உடைக்க என்னிடம் ஒரு சொல்கூட இல்லை. குடித்தவர் நிரப்பி அடுத்தவருக்குக் கொடுக்கிறார் என்பது மட்டும்தான் இவ்வளவு நேரம் பார்த்ததில் புரிந்தது. எழுந்தேன். தாழிவரை நாலு அடி, நாலு அடிக்கும் மூச்சு வாங்கியது. டம்ளரை உதறினேன், வண்டல் என் செருப்பிலேயே விழுந்தது. மொண்டு நிரப்பி, சபினாவுக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டினேன். என் உதடு பட்ட இடம் எங்கே என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது, பூவுக்கு நேர் மேலே, கூழின் கோடு ஒன்று இறங்கியிருந்தது. ததும்பி விரலெல்லாம் வழிந்தது. இனிமேல் என் கையில் ஒன்றும் இல்லை, வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. "எப்பா" என்றாள் உலகு பின்னாலிருந்து, மெதுவாக. சபினா டம்ளரைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். வாங்கி, தன் மேல்துணியின் முனையை எடுத்து, விளிம்பைச் சுற்றிலும் ஒரு தடவை, அழுத்தி, நிதானமாகத் துடைத்தார். பிறகு மண்ணுக்கு ஒரு துளி விட்டுவிட்டுக் குடித்தார். அப்போதுதான் உலகு சிரித்தாள், நடுவில் நிற்காமல், பெஞ்சே ஆடும்படி, மூன்று நாளாகச் சேர்த்துவைத்ததையும் ஒன்பது வருடமாகச் சேர்த்துவைத்ததையும் சேர்த்து, கண்ணில் நீர் வர. வில்பருக்கு எதற்கென்று தெரியவில்லை, அவனும் சிரித்தான். துடைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, உள்ளதைச் சொன்னால் அன்றைய நாளில் எனக்குப் புரிந்த ஒரே பேச்சு அதுதான். சபினா உதறினார், நிரப்பினார், என் பக்கம் நீட்டினார். விளிம்பைத் துடைக்கவில்லை. அவர் உதட்டின் ஈரம் அதில் இருந்தது, கொஞ்சம் மிளகாயும். என் கால்சட்டைப் பையில் சலவைக் கைக்குட்டை ஒன்று மடித்தபடி இருந்தது, அது என் நினைவுக்கு வந்தது, உலகுவுக்கும் வந்திருக்கும், அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கொட்டிவிடக் கூடாதென்று டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அதனால் அது துணிச்சலா, கை ஒழியவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குடித்தேன்.